பிடி அரிசியும் சீஷத்துவமும்

மிசோரமில் உலை வைக்கும் பெண், அரிசியைக் களைவதற்கு முன் ஒரு பிடி அள்ளித் தனிப் பாத்திரத்தில் போடுகிறார். அடுத்த வேளைச் சமையலிலும் அப்படியே. சபைப் பெண்கள் வீடுவீடாக வந்து அதைச் சேகரிக்கிறார்கள். விற்று வரும் பணம் ஊழியத்துக்குப் போகிறது. ‘பூஃபாய் தாம்’ என்னும் இந்த வழக்கம் 1910-ல் தொடங்கியது. முதல் மிஷனரிகள் அந்த மலைக்கு வந்து அப்போது பதினாறு ஆண்டுகளே ஆகியிருந்தன. காட்டைத் திருத்தி நெல் விதைத்த மக்களிடம் ரொக்கம் அரிது, அரிசி இருந்தது. இன்று அந்தப் பிடி அரிசி ஆண்டுக்குப் பல கோடி ரூபாயாகிறது.

நமக்கும் இது அந்நியமல்ல. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா, 1912-ல் தோர்ணக்கல் பேராயரான பின், தெலுங்கு நாட்டின் மிக ஏழைச் சபைகளிலும் இதே பழக்கத்தை வளர்த்தார். காஞ்சிப் பெரியவர் முன்வைத்த பிடி அரிசித் திட்டத்தை அறிந்தவர்களுக்கும் இதன் அருமை விளங்கும்.

இதன் முதல் வலிமை, அது உணர்ச்சியை நம்பி நிற்பதில்லை என்பது. எழுப்புதல் கூட்டத்தில் கண்ணீரோடு கைதூக்கிய தீர்மானம் சில வாரங்களில் ஆறிப்போவதை எல்லாச் சபைகளும் பார்த்திருக்கின்றன. அரிசிப் பானைக்கோ மனநிலை பொருட்டல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவிலும் கணவனோடு பேச்சு நின்றுபோன காலையிலும் உலை வைத்தாக வேண்டும். அந்தப் பிடியையும் எடுத்தாக வேண்டும். இயேசுவைப் பின்பற்றுவது தினந்தோறும் சிலுவை எடுப்பது என்று லூக்கா எழுதியதற்கு இதைவிட நெருக்கமான நடைமுறையை நான் அறியேன். இன்னொரு வலிமையும் உண்டு. வாங்கிப் பழகிய ஏழையை அது கொடுப்பவராக்குகிறது. கடைசிப் பிடி மாவில் எலியாவுக்கு அடை சுட்ட சாறிபாத் விதவையின் வரிசையில் அவரையும் நிறுத்துகிறது. அசரியா இதில் உறுதியாக இருந்தார். வெளிநாட்டுப் பணத்தில் மட்டும் வாழும் சபை நிமிர்ந்து நிற்காது என்பதை அவர் கண்டிருந்தார்.

ஆனால் அள்ளும் கை யாருடையது? குடும்பத்தின் பெயரில் செலுத்தப்படும் காணிக்கையைப் பெண்ணே சுமக்கிறார். ஆணின் சீஷத்துவம் அன்றாடம் எந்த இடத்தில் சோதிக்கப்படுகிறது என்ற கேள்வியை வழக்கம் கேட்பதே இல்லை. அரிசியைச் சேகரிப்பதும் பெண்களே. அப்படியிருந்தும் மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபை அவர்களுக்குக் குருப்பட்டம் தர நெடுங்காலம் மறுத்தே வந்திருக்கிறது. இதை ஒரு சிறு குறையாக என்னால் கடந்துபோக முடியவில்லை.

அதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. எடுத்து வைத்த பிடிக்குத்தான் இந்த வழக்கத்தில் கணக்கு. பானையில் மீந்த அரிசி எப்படி வந்தது என்று கேட்பாரில்லை. சகேயு பாதி ஆஸ்தியைக் கொடுப்பதாகச் சொன்னதோடு நிற்கவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகவும் சொன்னான். அவனுடைய மனந்திரும்புதல் வரவுசெலவுக்குள்ளேயே நுழைந்தது. நம் ஊர்ச் சபைகளில் காணிக்கை தவறாத வீடுகள் மகனுக்கு வரதட்சணை பேசுகின்றன. கூலியைப் பிடித்து வைக்கின்றன. சாதி பார்த்துச் சம்பந்தம் தேடுகின்றன. தவறாமல் கொடுப்பது அங்கே மனசாட்சிக்குச் சமாதானமாகிவிடுகிறது. இனி எதையும் கேட்க வேண்டாம் என்று ஆண்டவரிடமே சொல்லிவிட்டதைப் போல.

வழக்கத்தைக் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சம்பளமும் வங்கிக் கணக்கும் வந்தபின் பிடி அரிசிக்குப் பதில் மாதக் காணிக்கை உறை போதும் என்பாரோடும் எனக்கு உடன்பாடில்லை. மாதத்துக்கு ஒருமுறை ஒட்டும் உறை, வேளைக்கு வேளை உலைமுன் நிற்பதற்கு ஈடாகாது. ஆண்களும் அந்த உலைமுன் நிற்கட்டும். அரிசி சேகரிக்கும் பெண்கள், அதன் பணம் எதற்குப் போகிறது என்று முடிவு செய்யும் இடத்தில் சரிபாதியாக உட்காரட்டும். வரதட்சணை வாங்கிய வீட்டின் அரிசியைச் சபை ஏற்கலாமா என்ற கேள்வியை அங்கே அவர்களே எழுப்பட்டும்.