மூட்டும் கீலும்

கிண்டி ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் இயங்கும் டி.டி.கே. மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையம், 2019 நவம்பரில் ‘அரைஸ்’ என்ற சக்கர நாற்காலியை வெளியிட்டது. கால்கள் செயலிழந்தவர் அதில் கைகளால் நெம்பித் தாமே எழுந்து நிற்கலாம். மோட்டார் கிடையாது. அப்போது விலை சுமார் 15,000 ரூபாய்.

உடலைத் தூக்கும் வேலையின் பெரும்பகுதியை ஸ்பிரிங்குகள் ஏற்கின்றன. அவரவர் எடைக்கேற்ப அவற்றைத் திருத்திக்கொள்ளலாம். இயந்திரவியல் மாணவருக்கு இது ஒரு திருப்புத்திறன் கணக்கு. ஆனால் நாற்காலியின் கீல் ஓர் அச்சிலும், பயனரின் மூட்டு சற்றுத் தள்ளி வேறோர் அச்சிலும் சுழன்றால், எழும்போதெல்லாம் முதுகு சாய்மானத்தில் உரசும். உணர்வுள்ளவர் நெளிந்து சரிசெய்துகொள்வார். தண்டுவடக் காயத்தால் உணர்வை இழந்தவருக்குத் தோல் உரிந்ததே தெரியாது. ஆழப் புண்ணான பிறகு வேறு யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். நெடுநாள் நிற்காத கால் எலும்பும் வலுவிழந்திருக்கும். முழங்கால் தாங்கி எங்கே, எவ்வளவு அழுத்தலாம் என்பதை பிசியோதெரபிஸ்ட் சொல்ல, பொறியாளர் அதை மில்லிமீட்டரில் எழுத, தொழிற்சாலை அதே அளவில் நூற்றுக்கணக்கில் செய்ய வேண்டும். ஒரு கை மாறும் இடத்தில் பிசகினாலும் தண்டனை அந்தத் தோலுக்குத்தான்.

ஐ.ஐ.டி. முறையின் பலம் இந்தக் கை மாறும் இடங்களில்தான் இருக்கிறது. வெல்கம் டிரஸ்ட் நிதியுதவியோடு, தயாரிப்பாளரான சென்னை ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனத்தையும் இணைத்துக்கொண்டு அவர்கள் வேலை செய்தார்கள். செய்ய முடியாத வடிவத்தை வரைந்துவிட்டு ஆலையைத் தேடும் நிலை இதனால் தவிர்க்கப்படுகிறது.

இப்படிச் சேர்ந்து செய்வதற்குக் கொடுக்கும் விலை காலம். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தில் அறுவை மருத்துவர் வலியத்தான் குழு செயற்கை இதய வால்வு செய்தபோது முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. மூன்றாவதில், ஆட்டின் இதயத்துக்குள்ளேயே நீலக்கல் தட்டு உடைந்தது. நான்காவதில் பிளாஸ்டிக் தட்டுக்கு மாறினார்கள். 1990 டிசம்பரில் அது மனிதருக்குப் பொருத்தப்பட்டது. அந்தப் பொறுமை பெரிய நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகும். நான்கு பேர் நடத்தும் ஸ்டார்ட்அப்புக்குக் கட்டாது. போதாக்குறைக்கு, 2020 ஏப்ரலிலிருந்து எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. அதன் ஆவணச் சுமையைப் பலரும் நொந்துகொள்கிறார்கள். நான் அதை வரவேற்கிறேன்: ஒவ்வொரு ஆபத்தையும் எழுதிவைக்கச் சொல்லும்போதுதான் எலெக்ட்ரானிக்ஸ்காரரும் மருத்துவரும் ஒரே தாளைப் பார்க்கிறார்கள்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ஆராய்ச்சி நிதி பெரும்பாலும் வெளியீட்டு விழாவோடு முடிந்துவிடுகிறது. பெருங்களத்தூரில் ஒருவருக்கு உடல் எடை கூடினால் ஸ்பிரிங்கை யார் திருத்துவது? குரோம்பேட்டையில் கீல் தேய்ந்தால் எந்தப் பட்டறைக்கு எடுத்துப்போவது? ஜி.எஸ்.டி. சாலையோரம் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை பொறியியல் கல்லூரிகள் நெருங்கி நிற்கின்றன. ஆனால் இறுதியாண்டு பயோமெடிக்கல் புராஜெக்ட் என்றால் ஒரு சென்சார், ஒரு போர்டு, திரையில் ஓடும் நாடித்துடிப்பு என்பதே வழக்கமாகிவிட்டது. பழுதான கருவியைப் பிரித்துப் பார்த்துத் தேய்மானத்தை அளப்பது புராஜெக்டாகக் கருதப்படுவதில்லை.

முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. வீல்சேர் பயனர்களும் சிகிச்சையாளர்களும் அன்றாடம் புழங்கும் இடம். கல்லூரிகள் ஒரு பருவமாவது மாணவரை அத்தகைய இடத்தில் அமர்த்தி, அங்கே கண்ட பழுதுகளுக்கு மதிப்பெண் தரட்டும். ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டருக்கு ஸ்பிரிங் திருத்தும் பயிற்சி தருவதற்கான செலவையும், நிதி கேட்கும் முதல் விண்ணப்பத்திலேயே எழுதிவிட வேண்டும்.