சின்ன எழுத்து

ஜெர்மனியின் காஸல் நகரில் நடக்கும் கலைக் கண்காட்சியின் பெயரைத் தமிழில் எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு சங்கடம். டாகுமென்டா என்று எழுதுகிறேன். ஒலி வந்துவிடுகிறது, பெயர் வருவதில்லை. அதன் பாதி அர்த்தம் முதல் எழுத்து சின்ன எழுத்தாக இருப்பதில் இருக்கிறது. நம் லிபியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது.

ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் பெரிய எழுத்தில்தான் தொடங்கவேண்டும். 1925இல் பௌஹவுஸ் பள்ளியின் ஹெர்பர்ட் பேயர் இந்தக் கட்டளையை மீறினார். பேச்சில் இல்லாத பேதம் எழுத்தில் எதற்கு, ஒரே ஒலிக்கு இரண்டு குறிகள் எதற்கு என்பது அவர் கேள்வி. 1933இல் நாஜிகளின் நெருக்கடியில் பௌஹவுஸ் மூடப்பட்டது. 1937இல் ம்யூனிக்கில் நவீன ஓவியங்களைச் 'சீரழிந்த கலை' என்று பெயரிட்டு ஏளனத்துக்கு வைத்தார்கள்.

1955இல், போரில் எரிந்து வெறும் சுவர்களாக நின்ற ஃப்ரிடெரிசியானும் அருங்காட்சியகத்தில் ஆர்னால்ட் போடே முதல் டாகுமென்டாவை நடத்தினார். நாஜிகளால் ஆசிரியர் வேலையை இழந்தவர் அவர். கண்காட்சியின் பெயர் சின்ன எழுத்தில் தொடங்கியது. அதை நான் அலங்காரமாகப் பார்க்கவில்லை. ஒழிக்கப்பட்ட ஒரு பள்ளியோடு மறுபடி உறவு கோருவது அது. ஒலிபெருக்கிகளில் முழங்கி அழிந்த தேசம் குரலைத் தாழ்த்திப் பேச முயல்கிறது என்றே வெகுகாலம் வாசித்துவந்தேன்.

இன்று அப்படி முழுமனதாக வாசிக்க முடியவில்லை. போடேக்குச் சிந்தனைத் துணையாக இருந்த கலை வரலாற்றாசிரியர் வெர்னர் ஹாஃப்ட்மான் 1937இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் என்பது 2019இல் வெளிவந்தது. 2021இல் பெர்லினில் உள்ள ஜெர்மன் வரலாற்று அருங்காட்சியகம் டாகுமென்டாவின் அரசியலையே ஒரு கண்காட்சியாக்கியது. நாடுகடத்தப்பட்டு 1944இல் மாண்ட யூத ஓவியர் ருடால்ஃப் லெவியின் பெயர், 1955க்கான ஆரம்பப் பட்டியலில் இருந்து பிறகு விடுபட்டுப்போயிருக்கிறது. சின்ன எழுத்து பணிவையும் சொல்லும், தலைகுனிந்து முகத்தை மறைத்துக்கொள்ளவும் உதவும். எழுத்துக்கு மனசாட்சி கிடையாது. அதை எழுதுகிறவனுக்கு இருக்கவேண்டும்.

2012இல் கரோலின் கிறிஸ்டோவ்-பகார்கியேவ் நடத்திய பதின்மூன்றாம் கண்காட்சிக்கு, மிலான் நகரத்து லெஃப்ட்லாஃப்ட் என்ற வடிவமைப்பாளர் குழு நிலையான சின்னம் எதையும் வரைந்து தரவில்லை. ஒரு விதியை மட்டும் தந்தது: முதல் எழுத்து சின்னது, மற்றவை எல்லாம் பெரியவை, எண் அடைப்புக்குறிக்குள். எழுத்துரு எதுவாகவும் இருக்கலாம். தட்டச்சுப் பலகை உள்ள எவரும் அந்தப் பெயரை உண்டாக்கிவிடலாம். சின்னத்தைச் சொத்தாகக் காக்கும் இக்காலத்தில் இது தாராளமான யோசனைதான். இலக்கணத்தைத் தலைகீழாக்கும் குறும்பும் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் 1955இல் சின்ன எழுத்துக்கு எதிரே ஒரு கட்டளையும் ஒரு சாம்பல்மேடும் இருந்தன. 2012இல் எதிரே இருந்தவை மற்றக் கண்காட்சிகளின் சின்னங்கள். காயமாக இருந்தது பாணியாகிவிட்டது.

இன்னொன்று. அந்த ஆண்டு கண்காட்சியின் ஒரு பகுதி காபூலிலும் நடந்தது. தாரியும் பஷ்தோவும் எழுதப்படும் லிபியிலும் பெரிது சிறிது இல்லை. எல்லோருக்கும் பொதுவான விதி அங்கே போனதும் செல்லாக்காசு. அடைப்புக்குறி மட்டும் மிஞ்சும், தமிழில் மிஞ்சுவதுபோல. 'எவரும்' என்று அவர்கள் சொல்வதில் நாம் இல்லை. இதைப் புகாராகச் சொல்லவில்லை. ஒரு வடிவம் எந்த மண்ணின் சண்டையிலிருந்து பிறந்ததோ அங்கேதான் அதற்கு உயிர் என்கிறேன்.

நம் ஊர்க் கண்காட்சி அழைப்பிதழ்களிலும் ஆங்கிலப் பெயர்கள் இப்போது சின்ன எழுத்தில் தொடங்குவதைப் பார்க்கிறேன். எந்தக் கட்டளையை மீறி என்று கேட்கத் தோன்றுகிறது. எழுத்தைப் பற்றி நமக்கும் ஒரு சண்டை இருந்தது. 1935இல் பெரியார் 'குடிஅரசு' இதழில் தொடங்கியது, 1978இல் அரசாணையாயிற்று. 'லை'யின் பழைய துதிக்கை போனதில் ஒரு கொள்கையும் ஒரு இழப்பும் சேர்ந்தே இருக்கின்றன. அழைப்பிதழின் தமிழ்ப் பக்கத்தை அமைப்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். இரவல் பணிவு வேண்டாம்.