தும்புச்சோற்றுப் பைக்கு எந்த நீர்ப்பாசனம்?

வன்னியில் தும்புச்சோற்றுப் பையில் குடைமிளகாயோ தக்காளியோ வைக்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது எந்தக் கொம்பனியின் நீர்ப்பாசன செற் நல்லது என்பதைத்தான். அதற்கு முன் விசாரிக்க வேண்டியது கிணற்றுத் தண்ணீரை. வவுனியாவின் கருங்கற்பாறைக் கிணறுகளிலும், கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கரையோரக் கிணறுகளிலும் தண்ணீரின் வன்மையும் உப்பும் ஊருக்கு ஊர் வேறு. எந்தத் தானியங்கி முறையும் இந்தத் தண்ணீரில் எப்படி நடக்கும் என்பதே என் அளவுகோல்.

2025 செப்டெம்பர் 2ஆம் திகதி, உலகத் தெங்கு தினத்தன்று, வடக்குத் தெங்கு முக்கோண வலயம் புதுக்குடியிருப்பில் தொடக்கிவைக்கப்பட்டது. அது சொன்னபடி வளர்ந்தால் பளையிலிருந்து முல்லைத்தீவு வரை மட்டைக்கும், அதிலிருந்து வரும் தும்புக்கும் தும்புச்சோற்றுக்கும் குறைவிருக்காது. ஆகவே நீர்ப்பாசன முறைத் தேர்வை இப்போதே சரியாகச் செய்வது முக்கியம்.

தும்புச்சோறு மண் அல்ல. மண்ணில் இரண்டு நாளுக்கு ஒருமுறை நிறையத் தண்ணீர் விட்டால் போதும். தும்புச்சோற்றில் பகல் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை விட வேண்டும். சரியாகக் கழுவாத தும்பில் சோடியமும் பொட்டாசியமும் ஒட்டியிருக்கும். அது உரக் கரைசலில் உள்ள கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு அவற்றை வெளியே விடும். கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலில் ஊறவைத்துக் கழுவுவது இதற்காகத்தான். அப்படி வெளியேறும் உப்புக்கும், தண்ணீரோடு வந்து சேரும் உப்புக்கும் பையின் அடியில் ஒரு போக்கிடம் வேண்டும்.

இந்த இடத்தில்தான் அடியிலிருந்து நீர் உறிஞ்சும் தொட்டிகள் தோற்கின்றன. பிரித்தானியாவின் ஓட்டோபொட் போன்றவை மின்சாரமின்றி, ஒரு சிறு வால்வின் உதவியால் தட்டில் நீர்மட்டத்தைக் காக்கின்றன. பொறியாக அது அழகானது. ஆனால் அதில் வடிகால் இல்லை. கிணற்றுத் தண்ணீரின் மின்கடத்துதிறன், அதாவது ஈ.சி., மீற்றருக்கு 1 டெசிசீமன்ஸ் என்றால் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 0.64 கிராம் உப்பு கரைந்திருக்கும். நாளுக்கு 2 லீற்றர் குடிக்கும் செடி 90 நாளில் 180 லீற்றர் எடுக்கும்; அதோடு 115 கிராம் உப்பும் உள்ளே வரும். செடி அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். மீதி, தொட்டியிலுள்ள ஐந்து லீற்றர் தும்புச்சோற்றுக்குள்ளேயே தங்கி, கச்சான் காற்றில் மேலே ஏறி வெள்ளையாகப் பூக்கும். மழைநீர் மட்டும் விடுகிறவருக்கு இந்தத் தொட்டி பொருந்தும். கிணற்றை நம்புகிறவருக்குப் பொருந்தாது.

ஒஸ்திரியாவின் ப்ளூமாட் முறையில் நீர் நிரம்பிய களிமண் கூம்பு ஒன்று ஈரத்தை உணர்ந்து குழாயைத் திறந்து மூடும். வீட்டு முற்றத்தில் பத்துத் தொட்டிக்கு நல்லது. நூறு செடிக்கு நூறு கூம்பு, ஒவ்வொன்றையும் கையால் திருகிச் சரிசெய்ய வேண்டும். கூம்பு தும்பை விட்டு விலகிக் காய்ந்தால் குழாய் திறந்தபடியே நின்று தாங்கியை வெறுமையாக்கிவிடும்.

ஈரப்பத சென்சர் சொல்லும்போது மட்டும் தண்ணீர் விடும் முறையை இளைஞர்கள் விரும்புகிறார்கள். ஆர்வம் நியாயமானது. ஆனால் மலிவான சென்சர்களின் கணக்கு மண்ணுக்கானது. காற்றறை மிகுந்த தும்புச்சோற்றில் அது பிசகும், உப்பு கூடினாலும் பிசகும். அதைவிடப் பெரிய குறை, ஒரு பையில் குத்திய சென்சர் நூறு பைக்கும் தீர்ப்புச் சொல்வது. அந்தப் பையின் ட்ரிப்பர் அடைபட்டால் மற்ற 99 பையும் தண்ணீரில் நிற்கும். சென்சர் எச்சரிக்கை தரட்டும், மோட்டரை அதனிடம் ஒப்படைக்கக் கூடாது.

மிஞ்சுவது ரைமரில் ஓடும் சொட்டு நீர்ப்பாசனம். நான் தெரிவுசெய்வது இதைத்தான், ஆனால் தோட்ட மண்ணுக்கு வாங்கிய செற்றை அப்படியே கொண்டுவந்து பூட்டுவதை அல்ல. கடையில் கிடைக்கும் ஊசி ரைமரின் மிகக் குறைந்த அளவு பெரும்பாலும் 15 நிமிடம். மணிக்கு 2 லீற்றர் விடும் ட்ரிப்பர் அதற்குள் அரை லீற்றரைக் கொட்டும். பாதி அடியால் ஓடிவிடும். வேண்டியது மூன்று நிமிடம், 100 மில்லிலீற்றர், நாளில் இருபது இருபத்தைந்து தடவை. ஆகவே நிமிடமும் செக்கனும் வைக்கக்கூடிய சுழற்சி ரைமர் கட்டாயம்.

அடுத்தது குழாய். 16 மில்லிமீற்றர் குழாய் 30 மீற்றர் நீளத்தில் நாலு லீற்றருக்கு மேல் தண்ணீரைத் தனக்குள் வைத்திருக்கும். சாதாரண ட்ரிப்பரில் மோட்டர் நின்றதும் அந்தத் தண்ணீர் பள்ளமான பக்கத்துச் செடிகளில் வடியும். அந்த வரிசையில் எழுபத்தைந்து செடி என்றால் ஒரு தடவைக்குரிய மொத்தத் தண்ணீரே ஏழரை லீற்றர்தான். இது ஒரு நாளில் இருபத்தைந்து தடவை நடந்தால் ஒரு முனை அழுகும், மறுமுனை வாடும். அமுக்கம் குறைந்ததும் தானாக மூடிக்கொள்ளும், அமுக்கத்தைச் சமன்செய்யும் ட்ரிப்பர் விலை கூடினாலும் அதையே வாங்க வேண்டும். அது பத்தடி உயரத் தாங்கியின் அமுக்கத்தில் ஒழுங்காக வேலை செய்யாது. மூன்று மீற்றர் உயரம் 0.3 பார் மட்டுமே தரும். இந்த ட்ரிப்பருக்கு அரை பாரிலிருந்து ஒரு பார் வரை வேண்டும்.

அப்படியானால் மோட்டர், மின்சாரம். 2022இல் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடே இருண்டது. வளர்ந்த செடி உச்சி வெயிலில் தும்புச்சோற்றில் ஒரு பகலுக்கு மேல் தாங்காது. நூறு செடிக்கு வேண்டியது நிமிடத்துக்கு மூன்றரை லீற்றர்தான். பற்றரியில் மருந்தடிக்கும் தாங்கிகளில் இருக்கும் வகையான 12 வோல்ற் பம்பும், ஒரு பற்றரியும், சிறிய சோலார் பனலும் அதற்குப் போதும். மின்சார சபையின் கம்பியை நம்பியிருக்கத் தேவையில்லை.

இந்த முறைக்கு எதிரான வலுவான வாதம், விடும் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கை வடியவிடுவது. ஆனி, ஆடியில் கிணறு வற்றும் ஊரில் இதை இலேசாகத் தள்ள முடியாது. உப்பை வெளியேற்ற அந்த வடிநீர் தேவை. அதை வாய்க்காலில் சேர்த்துத் தென்னைக்கு விடலாம். நைத்திரேற்று கலந்த நீர் என்பதால் கிணற்றிலிருந்து தள்ளியே விட வேண்டும். இன்னொரு வழி மேலே இருக்கிறது: 100 சதுர மீற்றர் பொலித்தீன் கூரையில் 1,000 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு இலட்சம் லீற்றர். மாரியில் அதில் கால்வாசியைச் சேமித்துக் கிணற்று நீரோடு கலந்தாலே வடியவிட வேண்டிய அளவு குறையும்.

ட்ரிப்பரின் வாயில் சுண்ணாம்பு படிவது வன்னித் தண்ணீரில் தவிர்க்க முடியாதது. தட்டு வடிகட்டியும், பொஸ்பரிக் அமிலம் அளவாகக் கலப்பதும் செற்றின் விலையிலேயே சேர வேண்டும். ஒரு ட்ரிப்பரைப் போத்தலுக்குள் விட்டு, ஒரு பையின் அடியில் சட்டி வைத்து, போனதையும் வடிந்ததையும் தினமும் அளக்க வேண்டும். வடிநீரின் ஈ.சி. ஏறிக்கொண்டே போனால் தண்ணீர் விடும் தடவைகளைக் கூட்ட வேண்டும். வாங்கக் காசு போதாவிட்டால் சென்சரை விடலாம், ஈ.சி. மீற்றரை விடக்கூடாது. அந்த மீற்றர் உரம் போடாத கிணற்றுத் தண்ணீரிலேயே 2 டெசிசீமன்ஸுக்கு மேல் காட்டினால், மழைநீர்த் தாங்கி கட்டும்வரை செற் எதையும் வாங்க வேண்டாம்.