இரபாயேலின் கருத்தும் இரைமொண்டியின் உளியும்

செதுக்கோவியனைப் பிறர் வரைந்ததைப் படியெடுக்கும் தொழிலாளி எனக் கருதுவோர் பலர். அக்கருத்து எத்துணைப் பொருந்தும் என்பதை, 1510க்கும் 1520க்கும் இடையில் மார்க்கந்தோனியோ இரைமொண்டி செப்புத்தகட்டிற் செதுக்கிய ‘பாரிசின் தீர்ப்பு’ என்னும் படத்தைக் கொண்டு ஆராயலாம்.

உருவமைப்பு இரபாயேலுடையது. பண்டை உரோமக் கல்லறைப் பேழைகளிலுள்ள புடைப்புச் சிற்பங்களைத் தழுவி அவர் வகுத்ததையே இரைமொண்டி செதுக்கினார். படத்தில் இருவர் குறிகளும் காணப்படுகின்றன.

ஈரா அரசுரிமையையும், அதீனா போர்வெற்றியையும், அப்ரொடைற்றி பேரழகி எலனையும் தருவதாகக் கூற, பாரிசு பொற்கனியை அப்ரொடைற்றிக்கே அளிக்கின்றான். திரோயப் போருக்கு வித்தான கணம் இது. அழகின்முன் அறிவும் அறமும் அரசும் பொன்னும் இழிந்தனவே என்னும் கருத்துடைய இலத்தீன் வாசகமொன்றும் படத்திற் பொறிக்கப்பட்டுள்ளது. ஆயின், உருவங்கள் அவ்வாசகத்தை முற்றாக ஏற்றுக்கொண்டனவாகத் தோன்றவில்லை. வெற்றித்தெய்வம் அப்ரொடைற்றிக்கு முடிசூட்டும்போதே ஈரா விரலுயர்த்தி எச்சரிக்கின்றாள். அதீனா நமக்கு முதுகு காட்டி நிற்கின்றாள். வரவிருக்கும் அழிவு இவ்விருவர் நிலையிலும் குறிப்பாற் புலப்படுகின்றது.

இனி, செதுக்கியவர் செய்தது யாது? அவருக்கு வண்ணத்தின் துணை இல்லை. உடலின் வளைவோடு வளைந்து செல்லும் கோடுகளும் அவற்றைக் குறுக்கறுக்கும் கோடுகளுமே தசையின் திரட்சியையும் நிழலையும் தோற்றுவிக்கின்றன. கோடுகள் செறிந்தவிடம் இருள். தாள் வெறுமையாக விடப்பட்டவிடம் ஒளி. பிறர் கருத்தை இங்ஙனம் கோட்டு மொழியிற் பெயர்ப்பவர், மூலநூலின் பொருளை விளங்கவைக்கும் உரையாசிரியரை ஒப்பர்.

குறைகளும் இல்லாமலில்லை. உடல்கள் யாவும் ஒரே சலவைக்கல்லிற் கடைந்தன போல உள்ளன. மேலே கதிரவன் தேரும் சியூசு வீற்றிருக்கும் முகிலும் நெருங்கியமைந்து, தீர்ப்பின்மேல் நிலைக்கவேண்டிய கண்ணை அலைக்கின்றன.

எனினும், வலப்புற மூலையைக் காண்க. ஆற்றுத் தெய்வங்கள் இருவரும் நீரணங்கு ஒருத்தியும் அங்கே அமர்ந்துள்ளனர். அவ்வணங்கு தீர்ப்பைப் பொருட்படுத்தாது, படத்தைக் காண்போரையே நோக்குகின்றாள். கதைக்குப் புறம்பான இக்குழுவின் அமைப்பையே பிரான்சிய ஓவியர் மனே தம் ‘புல்வெளியிற் பகலுணவு’ என்னும் ஓவியத்திற்கு எடுத்தாண்டார். 1863இல் நிராகரிக்கப்பட்டோர் கண்காட்சியில் வைக்கப்பட்டுப் பெரும் பூசலை விளைத்த அவ்வோவியத்திலும் ஒருத்தி அங்ஙனமே நம்மை நோக்குகின்றாள்.

இவ்வமைப்பில் இரபாயேல் தீட்டிய ஓவியம் எதுவும் இல்லை. அவர் வரைந்த மூலமும் எஞ்சவில்லை. மூன்று நூற்றாண்டு கடந்து மனேயின் கைக்கு அதனைச் சேர்ப்பித்தது செப்புத்தகடே. மூலம் மறைந்தபின்னும் அதன் உயிரைக் காத்தவரைப் படியெடுப்பவர் என்னும் சொல்லால் அடக்கிவிடுதல் நீதியாகாது.