பெயர் ஒன்று, கெர்னல் வேறு

"சிக்வினும் லினக்ஸ் மாதிரிதானே, லினக்ஸ் மேன் பக்கத்தைப் பார்த்தால் போதும்." கணினி ஆசிரியர்கள் பலர் இன்னும் இப்படித்தான் சமாதானம் சொல்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

சிக்வினின் உதவியை நான் மறுக்கவில்லை. விண்டோஸ் மட்டுமே உள்ள ஆய்வகங்களில் யுனிக்ஸ் நிரலை ஓட்டிப் பார்க்க அது வழி செய்தது. லினக்ஸ் மேன் பக்கங்களும் அருமையானவை. ஆனால் அவை லினக்ஸைப் பற்றியவை.

புதிய ப்ராசஸை உருவாக்கும் ஃபோர்க் லினக்ஸில் கெர்னல் செய்யும் வேலை. சிக்வினில் அந்தக் கெர்னலே கிடையாது. ஒரு டிஎல்எல் நூலகம் விண்டோஸிடம் புதிய ப்ராசஸைக் கேட்டு வாங்கி, தாய் ப்ராசஸின் நினைவகத்தை அதில் நகலெடுக்கிறது. மேன் பக்கம் சொல்லும் காப்பி-ஆன்-ரைட், அதாவது எழுதும்போது மட்டும் நகலெடுக்கும் முறை, அங்கே இல்லை.

திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், வேடசந்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் மாணவி ஒருத்திக்கு ஃபோர்க் தோற்றது. கிடைத்த பிழை ஈஅகெய்ன். ப்ராசஸ் எண்ணிக்கை வரம்பை எட்டியிருக்கும் என்றது லினக்ஸ் பக்கம். லேப் நேரம் முழுக்க ப்ராசஸ்களை எண்ணிக்கொண்டிருந்தாள். உண்மையில், தாய் ப்ராசஸில் இருந்த அதே முகவரியில் ஒரு டிஎல்எல் பிள்ளை ப்ராசஸில் ஏற முடியாததுதான் காரணம். டிஎல்எல் முகவரிகளை மாற்றி அமைக்கும் ரீபேஸைச் செய்ததும் ஓடியது. சிக்வினின் சொந்தக் கேள்வி-பதில் பகுதியில் இது இருக்கிறது. எந்த அழைப்பு போசிக்ஸ் தரநிலைப்படி உண்டு, எது இல்லவே இல்லை என்று அதன் ஏபிஐ கையேடு பட்டியலே போடுகிறது. அதைத் திறக்க அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சொல்லித்தருவார்கள் என்று எப்படி எதிர்பார்ப்பது? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டமே ஓப்பன்டிர் அழைப்பை சிஸ்டம் கால் பட்டியலில் வைத்தது. மேன் கையேட்டில் அது 3-ஆம் பிரிவில், நூலகச் செயல்களோடு இருக்கிறது. சிஸ்டம் கால்களுக்கு உரியது 2-ஆம் பிரிவு. அழைப்புக்குப் பதில் சொல்வது யார் என்று கேட்காத வகுப்பு பெயர்களைத்தான் மனப்பாடம் செய்ய வைக்கிறது.

விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2 வந்தபின் இந்தப் பேச்சு எதற்கு என்பார்கள். 2019-இல் அறிவிக்கப்பட்ட அதில் உண்மையான லினக்ஸ் கெர்னல் ஓடுகிறது, மேன் பக்கம் பொருந்தும். முந்தைய டபிள்யூஎஸ்எல் லினக்ஸ் சிஸ்டம் கால்களை விண்டோஸுக்குள் மொழிபெயர்த்தது. இரண்டுக்கும் பெயர் ஒன்றே. எதில் இருக்கிறோம் என்று கேட்காமல் கையேட்டைத் திறந்தால் அங்கேயும் இதே கதைதான்.

ரெக்கார்டு நோட்டில் நோக்கம் எழுதும் முன், யூநேம் கட்டளை தரும் வரியை எழுதச் சொல்லுங்கள். அதில் சிக்வின் என்று வந்தால் சிக்வின் கையேட்டைத் திறக்கட்டும்.