ஊட்டி வாசலில் டைமண்ட் கிரைண்டர்

கோவையில் தொழில், நீலகிரியில் ஒரு வீடு என்று இருக்கும் கொங்கு நாட்டுக் குடும்பங்கள் நிறைய உண்டு. அந்த மலை வீடுகளில் கூரைக்கு முன்பே கெட்டுப்போவது வெளித்தளம்தான். வாசல், கார் ஏறும் சரிவு, பின்கட்டுத் துணி துவைக்கும் இடம் என எல்லாவற்றிலும் மேல்தோல் பொரிந்து உதிரும், ஜல்லி வெளியே தெரியும், மழைக்காலத்தில் பாசி படிந்து வழுக்கும். உடைத்துப் புதிதாகப் போடலாம்தான். ஆனால் உடைத்த குப்பையை மலையில் எங்கே கொட்டுவது, மணலும் ஜல்லியும் மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏற என்ன வாடகை என்று கணக்குப் போட்டால் மனம் மாறிவிடும். பழைய தளம் அடியில் கெட்டியாக இருந்தால், அதன் தோலை மட்டும் சீவி எடுத்துவிட்டு 10 மில்லிமீட்டர் கனத்தில் புதுப்பூச்சு போட்டாலே போதும்.

ஊட்டி காந்தலில் இருக்கும் பெரியப்பா வீட்டு வாசலில் அப்படிச் செய்து பார்த்தோம். அங்கே பயன்படுத்திய பொருள்களைப் பற்றியதுதான் இந்த விமர்சனம். 5 அங்குல ஆங்கிள் கிரைண்டர், அதில் மாட்டும் டைமண்ட் கப் வீல், தூசி மூடியும் வேக்குவமும், எஸ்பிஆர் லேடெக்ஸ், துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஆகியவை. எல்லாமே கோவையின் ஹார்டுவேர் கடைகளில் கிடைப்பவை. பிராண்டு பெயர் சொல்லாததற்குக் காரணம் உண்டு. தளம் நிற்பதும் உதிர்வதும் பிராண்டைப் பொறுத்து அமைவதில்லை. பழைய தளத்தின் சொரசொரப்பும் அந்த நேரத்து வெப்பமும்தான் அதை முடிவு செய்கின்றன.

ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான பகுதிகளில் காலையில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். தண்ணீர் உறையும்போது அதன் கொள்ளளவு ஒன்பது விழுக்காடு பெருகும். கான்கிரீட்டின் நுண்துளைகள் நீரால் நிறைந்திருக்கும்போது உறைந்தால் உள்ளிருந்தே பிளக்கும். லடாக்கிலும் கனடாவிலும் குளிர் அடிவரை இறங்கித் தளத்தையே உடைத்துவிடும். அதனால்தான் குளிர்நாடுகளில் கான்கிரீட்டுக்குள் ஐந்தாறு விழுக்காடு அளவுக்கு நுண்ணிய காற்றுக் குமிழ்களை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள், உறையும் நீர் விரிய அவை இடம் கொடுக்கும். ஊட்டியில் குளிர் அவ்வளவு ஆழம் போவதில்லை, மேல்தோலை மட்டும் பதம் பார்க்கிறது. அந்தத் தோலோ போட்ட நாளிலேயே பலவீனமாகத்தான் இருக்கிறது. கலவையில் தண்ணீரைக் கூட்டுவார்கள். மேலே ஊறி நிற்கும் தண்ணீரை உறிஞ்ச வெறும் சிமென்டைத் தூவி, மாலை வரை கரணையால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். அது இறுகும் முன்பே இரவுக் குளிர் வந்துவிடும். அடுத்தடுத்த மழையும் பனியும் அந்தத் தோலைச் செதில் செதிலாக எடுத்துவிடும்.

சரி, கிரைண்டர். 1,400 வாட் மோட்டாரும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகும் இருக்கிற ரகம்தான் இந்த வேலைக்கு ஏற்றது. மரக்கடையிலும் வெல்டிங் பட்டறையிலும் பார்க்கும் 4 அங்குல மிஷின் சீக்கிரம் சூடேறிவிடும். கப் வீலில் ஒற்றை வரிசைப் பல்லும் பெரிய டைமண்ட் மணிகளும் உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். இரட்டை வரிசை வீல் அழகாக ஓடும், ஆனால் தளத்தைப் பாலிஷ் போட்டதுபோல ஆக்கிவிடும். புதுப்பூச்சுக்குப் பிடிப்பு வேண்டும், பளபளப்பு வேண்டாம்.

காரமடையிலிருந்து வந்திருந்த மேஸ்திரிக்கும் இதே சந்தேகம்தான். "மிசினு நல்லாத்தானுங்க ஓடுது. ஆனா கொத்தாம உட்டா மேல போடறது புடிக்குமுங்களா?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் உளியும் சுத்தியலும் வைத்துக் கொத்தினால் வேறொரு தொல்லை. கொத்து விழுந்த இடத்துக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் ஓடும், கொத்துக்குக் கொத்து இடையில் பழைய வழவழப்பு அப்படியே இருக்கும். பிறகு பூச்சு பிரிந்து வரும்போது அந்தப் பலவீனமான படலத்தையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும். கிரைண்டர் தளத்தை அதிராமல் சீவுகிறது. மேல்தோல் போய் ஜல்லியின் முகம் தெரியும் வரை ஓட்டினோம். அது தரும் சொரசொரப்பு 10 மில்லிமீட்டர் பூச்சுக்குக் கொஞ்சம் குறைவுதான், இந்த மிஷினின் உண்மையான குறையும் இதுவே. அதனால் கட்டிங் பிளேடு மாட்டி மேலோட்டமாகக் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டோம். கீறலைக் கையால் தடவிப் பார்த்த பிறகுதான் மேஸ்திரியின் முகத்தில் நம்பிக்கை வந்தது.

இன்னொரு குறையும் உண்டு. சுவரோரமும் படியின் உள்மூலையும் வட்ட வீலுக்கு எட்டுவதில்லை. அங்கே சின்ன உளியால் மெதுவாகத்தான் எடுக்க வேண்டும். சில மலைத்தெருக்களில் மின்னழுத்தம் குறைவாக இருக்கும். அப்போது மிஷின் முனகும், உடனே நிறுத்திவிடுவது நல்லது. நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

தூசி மூடியையும் வேக்குவத்தையும் பலர் தேவையில்லாத செலவு என்று விட்டுவிடுகிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். கான்கிரீட்டைச் சீவும்போது கிளம்பும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. மிக நுண்ணிய அந்தத் துகள் நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் வரும், வந்தால் குணமாகாது. எட்டு மணி நேர வேலையில் ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்று அமெரிக்காவில் 2016இல் விதி போட்டார்கள். நம் ஊரில் கொத்தனாரும் சித்தாளும் தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு இதே தூசியில் நிற்கிறார்கள், துண்டு இந்தத் துகளைத் தடுக்காது. மூடியும் வேக்குவமும் மாட்டிய பிறகு எங்கள் வாசலில் தூசி மண்டலம் எழவில்லை. ஆனாலும் எல்லோரும் என்95 முகக்கவசம் போட்டிருந்தோம். வேக்குவம் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது. அடிக்கடி தட்டிவிட வேண்டும், அதையும் காற்றடிக்காத ஒதுக்குப்புறத்தில் முகக்கவசத்தோடு செய்ய வேண்டும்.

அடுத்து லேடெக்ஸ். சிமென்ட் கலவையில் இந்தப் பாலைச் சேர்த்தால் பூச்சு பழைய தளத்தோடு ஒட்டும், தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. மெல்லிய பூச்சுக்கு அது தேவைதான். எவ்வளவு சேர்க்கிறார்கள் என்பதில்தான் தப்பு நடக்கிறது. மூட்டைக்கு ஒரு லிட்டர் ஊற்றிவிட்டு "லேடெக்ஸ் போட்டாச்சு" என்பது வழக்கமாகிவிட்டது. கணக்குப் பாருங்கள். இப்படிப்பட்ட பூச்சில் சிமென்ட் எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு பாலிமர் இருப்பது முறை. 50 கிலோ மூட்டைக்குக் குறைந்தது 5 கிலோ. டப்பாவில் இருக்கும் பாலில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதால் பத்துப் பதினொரு லிட்டர் ஆகும். 100 சதுர அடிக்கு 10 மில்லிமீட்டர் கனத்தில், ஒன்றுக்கு மூன்று கலவை போட ஏறக்குறைய ஒரு மூட்டை சிமென்ட் பிடிக்கும். இந்த அளவுக்குக் காசு போதாதென்றால் தளத்தின் பரப்பைக் குறைத்துக்கொள்ளலாம், பாலைக் குறைக்கக் கூடாது. டப்பாவை இரவில் வெளியே வைக்கவும் கூடாது. ஒருமுறை உறைந்தால் அது திரிந்துவிடும், பிறகு எதற்கும் உதவாது.

இந்த வேலைக்கு வாங்கிய பொருள்களில் மிக மலிவானது தெர்மாமீட்டர், ஆயிரம் ரூபாயைச் சுற்றித்தான் விலை. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். மேகமில்லாத இரவில் தளம் தன் சூட்டை நேராக வானத்துக்கு விட்டுவிடும், அதனால் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். போனில் 6 டிகிரி என்று பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்போம், தளத்தில் பிடித்துப் பார்த்தால் 2 டிகிரி. காலையில் வெயில் விழும் பக்கம் சூடேறியிருக்க, மதிற்சுவர் நிழலில் இருக்கும் பக்கம் இன்னும் விறைத்துக் கிடக்கும். வெப்பம் 5 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் அதைக் குளிர்கால கான்கிரீட் வேலையாகக் கருதித் தனிக் கவனம் எடுக்கச் சொல்கிறது இந்தியத் தரநிலை ஐஎஸ் 7861-இன் இரண்டாம் பகுதி. லேடெக்ஸ் கலந்த பூச்சுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக, 7 டிகிரிக்கு மேல் வேண்டும். இல்லாவிட்டால் பால் படலமாகச் சேராமல் பொடியாக நின்றுவிடும்.

கோவைச் சமவெளியில் பழகிய கை மலையில் தடுமாறுவது இங்கேதான். கீழே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதற்குப் பயந்து வெயில் தாழ்ந்த பிறகு பூச்சு போடுவார்கள், போட்டபின் பாத்தி கட்டி ஒரு வாரம் தண்ணீர் நிறுத்துவார்கள். ஊட்டியில் இரண்டுமே தலைகீழ். வெயில் தளத்தைச் சூடேற்றிய பிறகு தொடங்கி, நடுப்பகல் தாண்டியதும் முடித்துவிட வேண்டும். வெப்பம் பத்து டிகிரி இறங்கினால் சிமென்ட் இறுகும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். மாலையில் போட்ட பூச்சு இறுகத் தொடங்கும் முன்பே பனி இறங்கிவிடும். லேடெக்ஸ் பூச்சுக்கு முதல் ஒன்றிரண்டு நாள் ஈரச் சாக்கு போதும், பிறகு காய விட வேண்டும். காய்ந்தால்தான் படலம் உருவாகும். இரவில் ஈரச் சாக்கின் மேல் தார்ப்பாய், அதன் மேல் காய்ந்த சாக்கோ பழைய கம்பளியோ போட்டு மூடினோம். தார்ப்பாய்க்கு அடியில் கரிக் கணப்பு வைக்கலாமா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். கூடவே கூடாது. அந்தப் புகையிலிருக்கும் கரியமில வாயு புதுப்பூச்சின் மேற்பரப்பைப் பொடிப்பொடியாக்கிவிடும்.

பூச்சு போடும் முறையில் இரண்டு மட்டும் சொல்கிறேன். பழைய தளம் தண்ணீர் குடித்து முடித்து, மேலே ஈரம் மினுங்காத நிலையில் இருக்க வேண்டும். ஓரங்களைக் காகிதம்போல மெலிதாக இழுத்து முடிக்கக் கூடாது, பிளேடால் நேராக வெட்டிப் பள்ளமெடுத்து அங்கேயும் முழுக் கனம் வரும்படி நிரப்ப வேண்டும். வாட்டம் சரிபார்த்து மணியாசு கட்டையால் தேய்த்தபின் சரிவில் துடைப்பக் கோடு போட்டோம். கரணையால் வழவழப்பாக்கியிருந்தால் அடுத்த மழையில் வழுக்கிவிடும்.

எல்லா வாசலுக்கும் இது பொருந்தாது. சுத்தியலால் தட்டும்போது பரவலாகப் பொள்ளென்ற சத்தம் வந்தாலோ, வெடிப்பின் ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் உயர்ந்திருந்தாலோ கிரைண்டரை வெளியே எடுக்கவே வேண்டாம். அங்கே கீழே மண் நகர்கிறது. 2009 நவம்பர் மழையில் நீலகிரிச் சரிவுகள் எப்படிச் சரிந்தன என்பது மலைக்காரர்களுக்கு மறக்காது. அப்படிப்பட்ட இடத்தில் முதலில் தடுப்புச் சுவரையும் வடிகாலையும் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு வாசலுக்காக மிஷின் வாங்க வேண்டியதில்லை, கிரைண்டரையும் வேக்குவத்தையும் வாடகைக்கு எடுக்கலாம். கப் வீலையும் தெர்மாமீட்டரையும் சொந்தமாக வாங்கிவிடுங்கள். மழை இருக்காது, லீவும் கிடைக்கும் என்று தை மாதத்தில் மேலே போய் இந்த வேலையை வைத்துக்கொள்கிறார்கள். பனி உச்சத்தில் இருக்கும் மாதம் அது. மாசிக் கடைசியிலிருந்து சித்திரைக் கோடை மழைக்கு முன்பு வரை இரவும் இதமாக இருக்கும். வெளியூர் வண்டியில் போகிறவர்கள் 2024 மே முதல் நடைமுறையில் இருக்கும் இ-பாஸை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள். பங்குனியிலும் சித்திரையிலும் ஊர் ஊராக மாரியம்மன் நோம்பி சாட்டிவிடுவார்கள், கம்பம் நட்டபின் மேஸ்திரி ஊரை விட்டு வரமாட்டார். அவரிடம் மாசியிலேயே தேதி வாங்கிவிடுங்கள்.