ஓதுவார் பாட்டில் எது பழையது?

கொள்ளிடக் கரையில் உள்ள திருமழபாடிக்குத் தேவாரத்தில் ஆறு பதிகங்கள். சம்பந்தர் மூன்று, அப்பர் இரண்டு, சுந்தரர் ஒன்று. இந்தளம், கொல்லி, கௌசிகம், நட்டராகம் என நான்கு பண்கள். அப்பருடையவை இரண்டும் தாளக்கட்டு இல்லாமல் பாடும் தாண்டகங்கள். ஓர் ஓதுவாரின் பயிற்சியை முழுதாக அறிய இந்த ஒரு தலம் போதும்.

இந்தப் பழைய இசை நம்மை எப்படி வந்தடைந்தது என்பதை ஓர் ஒப்பீட்டில் பார்க்கலாம். ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டுத் துறவி ஹில்டகார்டின் பாடல்களை இன்று பாடுகிறவர்களுக்கு இசைக்குறி எழுதிய ஏடு கிடைத்திருக்கிறது. வழிவழியாகப் பாடிவந்த குரல் கிடைக்கவில்லை. நம் நிலை வேறு. தேவார ஏடுகளில் பண்ணின் பெயர் உண்டு, சுரம் கிடையாது. இசை முழுவதும் ஓதுவார் தொண்டையில்தான் இருக்கிறது. அந்தத் தொடர்ச்சியும் ஒருமுறை அறுந்ததாக மரபே சொல்கிறது. மறைந்து கிடந்த தேவார ஏடுகளை மீட்ட பிறகு, பண் வகுக்க எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழிவந்த பெண்ணைத் தேட வேண்டியிருந்ததாம். அந்த ஊர்தான் அரியலூர் மாவட்டத்தை ஒட்டிய இராஜேந்திரப்பட்டினம்.

ஓதுவார் முறையின் பெரும்பலம் சொல். ஓதுவார் தருமபுரம் ப. சுவாமிநாதனின் ஒலிப்பதிவுகளைக் கேட்டால் தெரியும்: சீர் உடையாது, பொருள் நழுவாது, கட்டளை கெடாது. கச்சேரி மேடையில் துக்கடாவாக வரும் தேவாரத்தில் எனக்கு இந்தத் தெளிவு கிடைத்ததே இல்லை.

பண் விஷயத்தில் அதே நம்பிக்கை எனக்கு இல்லை. காந்தாரம், பியந்தைக்காந்தாரம், கொல்லி, கொல்லிக்கௌவாணம் ஆகிய நான்கையும் இன்று நவரோசு என்ற ஒரே ராகத்தில் பாடுகிறார்கள். முன்னோர் நான்கு பெயர் வைத்தது ஒரே இசைக்காக இருக்க முடியாது. சென்னைத் தமிழ் இசைச் சங்கம் 1949 முதல் பண் ஆராய்ச்சி நடத்திவருகிறது. அந்த விவாதங்கள் தேவாரப் பாடசாலை மாணவர் காதுக்கும் போக வேண்டும். குரு சொன்னதே ஆதி இசை என்று கற்பிப்பதால் கேள்வி கேட்கும் பழக்கமே வளர்வதில்லை.

இதைவிடப் பெரிய குறை, பாடக் கிடைக்கும் நேரம். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், உடன் வாசிக்க இருவரையும் இராசராசன் நியமித்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். இன்றைய ஓதுவாருக்குத் தீபாராதனைக்கு முன் ஒரு பாட்டு, மிஞ்சினால் இரண்டு. ஆண்டுக்கணக்கில் கற்றவர் தினமும் அதே இரண்டைப் பாடினால் மற்றவை மறக்கத்தான் செய்யும். இதற்கு அவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

கங்கைகொண்ட சோழபுரத்தில் 2025 ஆடித் திருவாதிரை விழாவில் இளையராஜாவின் திருவாசக இசை ஒலித்தபோது நாடே கேட்டது. மகிழ்ச்சிதான். அவ்வூர்க் கோயிலுக்கென்றே கருவூர்த்தேவர் பாடிய திருவிசைப்பா ஒன்று இருக்கிறது; சாதாரண நாளின் சாயரட்சையில் அதை முழுதாகக் கேட்க எத்தனை பேர் நிற்கிறோம்?

திருமழபாடி, கீழப்பழுவூர், கோவிந்தபுத்தூர் மூன்றும் அரியலூர் மாவட்டத்துப் பாடல் பெற்ற தலங்கள். அங்கே மாலைப் பூசையில் அந்தந்தத் தலத்துப் பதிகம் ஒன்றை முதற்பாட்டிலிருந்து திருக்கடைக்காப்பு வரை பாட அறநிலையத்துறை ஏற்பாடு செய்ய வேண்டும். நீங்கள் போகும்போது, ஓதுவார் இருந்தால், பதிகம் முழுவதையும் பாடச் சொல்லிக் கேளுங்கள்.